இதுவரை ஒன்றும் நடக்கவில்லையே!

கொழும்பிலிருந்து அவிசாவளைக்குச் செல்லும் வீதியில், கொஸ்கமவுக்கு அண்மையில் சாலாவ என்றோர் ஊர் உண்டு. முன்னொரு காலத்தில் அங்கே ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை ஒன்று இயங்கிற்று. பின்னர் அவ்விடம் இராணுவ முகாமாயிற்று. முகாமினுள் பெரும் வெடிமருந்துக் களஞ்சியமொன்றும் அமைந்தது. 2016ஆம் ஆண்டு யூன் மாதம் 5ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை மாலை, அக்களஞ்சியத்தில் தீப்பற்றியது. இரவு முழுவதும் குண்டுகள் வெடித்துச் சிதறின. சுற்றுவட்டாரத்தில் 6 கிலோமீற்றர் தூரத்துக்குள் இருந்த மக்கள் உடுத்த உடையுடன் வெளியேற்றப்பட்டனர். நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் சேதமுற்றன. வீட்டுத் தோட்டங்களில் குண்டுத் துண்டுகள் கிடந்தன. கிணற்று நீரைக் குடிக்க வேண்டாமென்று சொல்லப்பட்டது. இராணுவத்தினரே வந்து கிணறுகளை இறைத்துத் துப்புரவு செய்ய வேண்டியதாயிற்று. உயிரிழந்தவர் ஓர் இராணுவ வீரர்.

இத்தனை பெரிய வெடிப்பில் போன உயிர் ஒன்றே என்று கடவுளுக்கு நன்றி கூறியோர் பலர். கூற வேண்டியதுதான். ஆனால் அந்த நன்றியோடு நிறுத்திக்கொள்ளும் உரிமை நமக்கு இல்லை என்பதே நம் எண்ணம். முகாமின் வேலியைத் தினமும் கடந்துபோகும் ஒருவருக்கு உள்ளே எத்தனை தொன் இருக்கிறது, அது எத்தன்மையது, தீப்பற்றினால் எத்தனை தூரம் பாயும் என்பதை அறிய வழியில்லை. அவருடைய பிள்ளை அந்த வேலியருகே விளையாடுகிறது. தனக்குத் தெரியாத, தான் சம்மதிக்காத ஓர் ஆபத்தை இன்னொருவர் அவர்மீது சுமத்தி வைத்திருக்கிறார். இப்படிச் சுமத்தலாமா? சுமத்தியே தீரவேண்டிய நிலை வந்தால் அதற்கு எல்லை எது?

வெடிபொருள் காப்போர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் தலையாய விதி ஒன்று இருக்கிறது. மிகக் குறைந்த ஆட்கள், மிகக் குறைந்த அளவு வெடிமருந்து, மிகக் குறைந்த நேரம். இந்த மூன்று குறைவுகளுக்குள் அவர்களுடைய சாஸ்திரத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. ஒழுங்காக நடத்தப்படும் களஞ்சியத்தின் கதவில், உள்ளே எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ வைக்கலாம் என்ற எண்கள் எழுதப்பட்டிருக்கும். அவ்வெண்ணுக்கு மேல் ஒருவர் நுழைந்தாலும் குற்றம். வேடிக்கை பார்க்க வந்தவருக்கு அங்கே இடமில்லை.

அந்த விதியை நாம் மெச்சுகிறோம். அதனாலேயே அதனிடம் ஒரு கேள்வியையும் கேட்க வேண்டியிருக்கிறது. கதவில் எழுதிய எண் உள்ளே நிற்பவர்களை மட்டும் எண்ணுகிறதா, வேலிக்கு வெளியே இருப்பவர்களையும் எண்ணுகிறதா? உள்ளே நிற்பவர் சம்பளம் பெறுகிறார், பயிற்சி பெற்றிருக்கிறார், தாம் எதன் அருகே நிற்கிறோம் என்பதை அறிந்திருக்கிறார். வெளியே இருப்பவருக்கு இம்மூன்றும் இல்லை. ஆகவே நீதியின் தராசில் முதலில் எண்ணப்பட வேண்டியவர் அவரே.

தூரமே மிகச் சிறந்த காவல் என்பதை உலகம் இரத்தம் சிந்தித்தான் கற்றது. 1864ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் நகரில் அல்பிரட் நோபெலின் வேலைத்தலத்தில் நைற்றோகிளிசரின் வெடித்தது. மாண்டவர்களுள் அவருடைய தம்பி எமிலும் ஒருவர். அதன்பின் நகர எல்லைக்குள் அதைச் செய்யக்கூடாதென்று அதிகாரிகள் தடுத்தனர். நோபெல் ஏரியில் ஒரு தட்டைப் படகை நிறுத்தி அதன்மேல் வேலையைத் தொடர்ந்தார்! மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் கண்டுபிடித்து உரிமம் பெற்றதே டைனமைற். ஒரு சகோதரனின் மரணமும் நகராட்சியின் ஒரு கட்டளையும் சேர்ந்து அந்த மனிதரை மக்களிடமிருந்து தள்ளி நிற்கச் செய்தன.

இத்தூரத்துக்கு ஒரு கணக்கும் உண்டு. வெடிமருந்தின் அளவு எட்டு மடங்கானால் ஒதுங்கி நிற்கவேண்டிய தூரம் இரண்டு மடங்காகும். அளவின் கன மூலத்தோடு தூரம் வளர்கிறது என்பார்கள் கணிதம் அறிந்தோர். இக்கணக்கைப் போட்டு, களஞ்சியத்துக்கும் வீடுகளுக்கும், களஞ்சியத்துக்கும் பொது வீதிக்கும், ஒரு களஞ்சியத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே எவ்வளவு வெளி விடவேண்டுமென்று அட்டவணைகள் வகுத்து வைத்திருக்கிறார்கள். வெளி போதாவிட்டால் மண் அணை கட்டவேண்டும், இல்லையேல் உள்ளே வைக்கும் அளவைக் குறைக்கவேண்டும். இடி தாங்கி வேண்டும். சுற்றிலும் புல் வெட்டியிருக்க வேண்டும். இவற்றுள் எதற்கும் பெரும் மூளை தேவையில்லை. இடமும், பொறுமையும், ஒவ்வொரு மாதமும் புல்வெட்ட ஓர் ஆளும் போதும்.

சேரக்கூடாதவற்றைச் சேர்க்காதே என்பது இன்னொரு விதி. வெடியைத் தூண்டும் டெட்டனேற்றரும் அதனால் வெடிக்கும் மருந்தும் ஒரே அறையில் இருக்கலாகாது. எரியக்கூடிய எதுவும் இரண்டின் அருகிலும் வரலாகாது. 1944ஆம் ஆண்டு ஏப்ரில் 14ஆம் திகதி பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்ரிக்கின்’ என்ற கப்பல் நின்றது. அதில் சுமார் 1,400 தொன் வெடிபொருளும் அதே கப்பலில் பஞ்சுப் பொதிகளும் ஏற்றப்பட்டிருந்தன. பஞ்சு புகைந்தது, பின்னர் கப்பல் வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். அதே கப்பலில் வந்த தங்கக் கட்டிகள் நகரத்தின் மீது விழுந்தன என்ற செய்தியைத்தான் பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். மனித மனம் விசித்திரமானது!

இனி, நம் தலைப்பில் உள்ள வாக்கியத்துக்கு வருவோம். ஆபத்தான பொருளை வைத்திருக்கும் எவரிடமும் போய் ஏன் இதை இப்படி வைத்திருக்கிறீர் என்று கேட்டுப் பாருங்கள். அமைச்சராயினும் சரி, கற்குவாரி முதலாளியாயினும் சரி, கரையோர வாடியில் இருக்கும் சம்மாட்டியாயினும் சரி, “இவ்வளவு காலமும் ஒன்றும் நடக்கவில்லையே!” என்ற ஒரே பதிலைத்தான் பெறுவீர்கள். சாதாரண வாழ்க்கையில் இது நல்ல நியாயம். பத்து ஆண்டுகள் தாங்கிய பாலம் நாளையும் தாங்கும் என்று நம்பித்தான் நாம் அதன்மேல் நடக்கிறோம்.

வெடிமருந்துக்கு இந்த நியாயம் பொருந்தாது. ஏன் என்று விளங்கிக்கொள்வது நன்று. குண்டைக் குழலிலிருந்து தள்ளும் மருந்து பெரும்பாலும் நைற்றோசெலுலோசால் ஆனது. அது பெட்டிக்குள் சும்மா கிடப்பதில்லை. நாளுக்கு நாள் மெல்ல மெல்லச் சிதைந்து, ஒருவித அமில வாயுவை வெளிவிடுகிறது. அவ்வாயு மேலும் சிதைவைத் தூண்டும். இதைத் தடுப்பதற்காக மருந்தினுள்ளேயே டைபினைல் அமீன் போன்ற ஒரு பொருளைச் சிறிதளவு கலந்து வைக்கிறார்கள். அது அந்த வாயுவைப் பிடித்து விழுங்கிக்கொண்டே இருக்கும். விழுங்க விழுங்கத் தானும் தீர்ந்துகொண்டே வரும். முற்றாகத் தீர்ந்தபின் மருந்து தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடும். வெப்பம் கூடினால் இவையனைத்தும் விரைவாக நடக்கும். நம் நாட்டு வெப்பத்தைச் சொல்லவும் வேண்டுமா? 1911ஆம் ஆண்டு பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் ‘லிபர்த்தே’ என்ற போர்க்கப்பல் வெடித்தது. பகைவர் எவரும் அதைத் தாக்கவில்லை. பழுதான மருந்தே அதை அழித்தது. 200க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆகவே ஒன்றும் நடவாமல் கழிந்த ஒவ்வோர் ஆண்டும் பாதுகாப்புக்குச் சாட்சி சொல்லவில்லை. கையிருப்பில் இருந்த பாதுகாப்பில் ஓராண்டைச் செலவழித்துவிட்டுப் போயிருக்கிறது. இதனாலேயே நல்ல களஞ்சியக்காரர் ஒவ்வொரு தொகுதிக்கும் பிறந்த திகதி எழுதி, காலந்தோறும் மாதிரி எடுத்துச் சோதித்து, முதுமை எய்தியதை அழிக்க அனுப்புகிறார். இந்தியாவில், மகாராஷ்டிர மாநிலத்துப் புல்காவ் களஞ்சியத்தில், 2016ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி, மருந்து கசிந்த பழுதான கண்ணிவெடிகளினால் தீ மூண்டு, பதினைந்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். சாலாவ வெடித்தது அதற்கு ஐந்தாம் நாள். ஒரே வாரத்தில் இரு நாடுகள் ஒரே பாடத்தைப் படித்தன.

குருமடத்தில் ஒழுக்கவியல் கற்றோர் ஒரு பழைய உதாரணத்தை அறிவர். வேட்டைக்காரன் ஒருவன் புதருக்குள் ஏதோ அசைவதைக் காண்கிறான். மானாகவும் இருக்கலாம், விறகு பொறுக்க வந்த மனிதனாகவும் இருக்கலாம். வில்பத்துக் காட்டோரத்தில் வாழும் நம்மவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ‘அநேகமாக மான்தான்’ என்று எண்ணிச் சுடலாமா? கூடாது என்பதில் ஆசிரியர்கள் எல்லோரும் ஒருமனப்பட்டவர்கள். மற்றக் காரியங்களில் சந்தேகம் வந்தால் நியாயமான ஒரு கருத்தைப் பற்றி நடக்கலாம் என்று தாராளமாக இடங்கொடுக்கும் அதே ஆசிரியர்கள், பிறருடைய உயிர் சம்பந்தப்பட்ட இடத்தில் அந்தத் தாராளத்தை நிறுத்திவிடுகிறார்கள். அங்கே அதிக பத்திரமான வழியைத் தவிர வேறு வழியில்லை. ‘அநேகமாக வெடிக்காது’ என்பதும் ‘அநேகமாக மான்தான்’ என்பதும் ஒரே வாக்கியமே.

யாத்திராகமத்தின் 21ஆம் அதிகாரத்தில் முட்டுகிற மாட்டைப் பற்றிய சட்டம் ஒன்று வருகிறது. மாடு ஒருவரை முட்டிக் கொன்றால் மாட்டைக் கொல்லவேண்டும், சொந்தக்காரன் குற்றமற்றவன். ஆனால் அது முட்டும் மாடு என்று முன்னரே அவனுக்கு அறிவிக்கப்பட்டிருந்தும் அவன் அதைக் கட்டி வைக்காதிருந்தால், அந்த உயிருக்கு அவனும் உத்தரவாதி. எவ்வளவு கூர்மையான பிரிவு! இரண்டு சந்தர்ப்பங்களிலும் கொன்றது மாடுதான். அறிந்திருந்தான் என்ற ஒன்றே வித்தியாசம். உபாகமத்தின் 22ஆம் அதிகாரமோ இன்னும் ஒருபடி மேலே போகிறது. புது வீடு கட்டுகிறவன் மொட்டைமாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டவேண்டும். இங்கே யாரும் இன்னும் விழவில்லை, யாரும் எச்சரிக்கவுமில்லை. விழக்கூடும் என்று ஊகித்து முன்கூட்டியே கட்டும்படி கேட்கப்படுகிறான்.

‘அறிவிக்கப்பட்டிருந்தும்’ என்ற அந்தச் சொல்லில் சற்றுத் தரித்து நிற்போம். ஏனெனில் நம் காலத்தில் அறிவிப்பதற்குக் குறைவேயில்லை. சைப்பிரஸ் தீவில், ஒரு கப்பலில் பிடிபட்ட வெடிமருந்து 98 கொள்கலன்களில் ஒரு கடற்படைத் தளத்தில் 2009 முதல் வெட்டவெளியில், வெயிலில் கிடந்தது. ஆபத்து என்று எச்சரித்து எழுதப்பட்டது. 2011ஆம் ஆண்டு யூலை 11ஆம் திகதி அது வெடித்து 13 பேர் மாண்டனர். கடற்படைத் தளபதியும் அவர்களுள் ஒருவர். பக்கத்திலிருந்த மின்நிலையம் சிதைந்து, தீவின் மின்சாரத்தில் ஏறக்குறையப் பாதி நின்றுபோயிற்று. பாதுகாப்பு அமைச்சராய் இருந்தவர் பின்னர் சிறைத்தண்டனை பெற்றார். பெய்ரூத் துறைமுகத்திலும் அதே கதை. 2,750 தொன் அமோனியம் நைற்றேற் ஆறு ஆண்டுகள் களஞ்சியத்தில் கிடந்தது. சுங்க அதிகாரிகள் மீண்டும் மீண்டும் கடிதம் எழுதினார்கள். 2020ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆம் திகதி 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

தொலைதேசத்துக் கதை என்று தள்ளிவிட முடியுமா? 2019ஆம் ஆண்டு சனவரியில், நமது புத்தளம் மாவட்டத்து வண்ணாத்திவில்லுவில், ஒரு தென்னந்தோட்டத்தில் ஏறக்குறைய 100 கிலோ வெடிபொருளைப் பொலிசார் கண்டெடுத்தனர். ஏப்ரில் தொடக்கத்தில் எச்சரிக்கை வந்தது. அது ஓர் அலுவலகத்திலிருந்து மற்றோர் அலுவலகத்துக்குக் கடிதமாகவே பயணம் செய்தது. ஏப்ரில் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கொழும்பு ஹொட்டேல்களிலும் நடந்ததை நம் வாசகர்களுக்கு நாம் எழுதிக்காட்ட வேண்டியதில்லை. 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2023ஆம் ஆண்டு சனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம், தடுக்கத் தவறியதற்காக முன்னாள் சனாதிபதியும் உயர் அதிகாரிகளும் மக்களின் அடிப்படை உரிமைகளை மீறினர் என்று தீர்ப்பளித்து, நட்டஈடு செலுத்தப் பணித்தது. அந்தத் தீர்ப்பின் சாரம் முட்டும் மாட்டின் சட்டத்துக்கு வெகுதூரத்தில் இல்லை.

கடிதம் எழுதியவர் கடமையை முடித்துவிட்டாரா? ஆளுக்கு ஆள் பதில் வேறுபடும் என்றே நாம் கருதுகிறோம். ஒரு பெட்டியைக் கூட நகர்த்த அதிகாரமில்லாத கீழ்நிலை ஊழியர் எழுதுகிறார், பதில் வராதபோது மறுபடியும் எழுதுகிறார். அவரிடம் அதற்குமேல் அதிகம் கேட்பது அநீதி. ஆனால் நகர்த்தும் அதிகாரம் உள்ளவர் எழுதும் கடிதம் வேறு ரகம். ஆபத்தைத் தன் மேசையிலிருந்து அடுத்த மேசைக்குத் தள்ளுவதற்காக எழுதப்படும் கடிதம் அது. திகதியும் இலக்கமும் ஒழுங்காக இருக்கும். களஞ்சியத்தில் ஒரு பெட்டியும் அசைந்திராது. அப்படிப்பட்ட கடிதத்தை மனச்சாட்சியின் முன் ஒரு சாட்சியமாக வைக்க முடியுமென்று நமக்குத் தோன்றவில்லை.

சில தடைகளைச் சொல்வார்கள். யுத்த காலத்தில் விதி பார்க்க முடியாது, கிடைத்த இடத்தில் வைக்கவேண்டியதுதான் என்பது ஒன்று. ஒப்புக்கொள்வோம். ஆனால் யுத்தம் 2009ஆம் ஆண்டு மே மாதம் முடிந்தது. சாலாவ வெடித்தது ஏழு ஆண்டுகளுக்குப் பின். இராணுவ இரகசியத்தை ஊருக்குச் சொல்ல முடியுமா என்பது மற்றொன்று. எத்தனை குண்டு என்று சொல்ல வேண்டாம். இந்த எல்லைக்குள் குடியிருக்கலாகாது, சங்கு ஊதினால் இந்தத் திசையில் ஓடுக என்று சொல்வதில் எந்த இரகசியம் கெடுகிறது?

மூன்றாவது தடையே நம்மைச் சிந்திக்க வைப்பது. குண்டே பாவத்தின் கருவியாயிருக்க, அதைப் பத்திரமாக வைப்பது எப்படி என்று ஒரு திருச்சபைப் பத்திரிகை பேசலாமா, குண்டோடு சமாதானம் செய்துகொள்வதாகாதா என்று சில நல்ல உள்ளங்கள் கேட்கின்றன. கேள்வி நியாயமானது. பத்திரமாக அடுக்கப்பட்ட களஞ்சியம் ‘எல்லாம் ஒழுங்காக இருக்கிறது’ என்ற மயக்கத்தை உண்டாக்கும் என்பதையும் மறுக்க மாட்டோம். ஆயினும் குண்டுகள் ஒழியும் நாள்வரை அவற்றின் பக்கத்து வீட்டில் ஒரு தாய் சமைத்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்காகப் புல் வெட்டுபவரும், பழுதான பெட்டியைக் கண்டுபிடித்து ஒதுக்குபவரும் யுத்தத்துக்கு ஊழியம் செய்யவில்லை. அயலாருக்கு ஊழியம் செய்கிறார்கள். அந்த வேலையை மனமொப்பிச் செய்யும் இராணுவ வீரரைக் குறைத்துப் பேச நமக்கு மனம் வராது. பீரங்கிக்காரருக்கும் சுரங்கத் தொழிலாளருக்கும் புனித பார்பராவைப் பாதுகாவலியாகத் திருச்சபை மக்கள் கொண்டாடி வந்ததிலும் அர்த்தம் இருக்கிறது.

வெடிபொருள் என்றால் இராணுவம் மட்டுமல்ல. 2010ஆம் ஆண்டு செப்ரெம்பர் 17ஆம் திகதி மட்டக்களப்பு மாவட்டத்துக் கரடியனாற்றில், வீதி வேலைக்கெனக் கொண்டுவரப்பட்ட வெடிமருந்து கொள்கலன்களில் பொலிஸ் நிலைய வளவுக்குள் வைக்கப்பட்டிருந்தபோது வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பொலிஸ் நிலையம் தரைமட்டமாயிற்று. திருடரிடமிருந்து காப்பாற்றப் பொலிஸ் நிலையம் மிக நல்ல இடம் என்று யாரோ எண்ணியிருக்கக்கூடும். திருடர் வராமற் காப்பது வேறு, வெடிக்காமற் காப்பது வேறு. காவல் நெருங்க வைக்கச் சொல்லும்; பாதுகாப்போ தள்ளி வைக்கச் சொல்லும்.

இப்போது நம் கரைக்கு வருவோம். கற்பிட்டிக் கடலில் டைனமைற் போட்டு மீன் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது ஒளிவுமறைவான செய்தியல்ல. கடற்படையினர் அடிக்கடி பிடித்துக் கொடுக்கிறார்கள். 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டம் அதை முற்றாகத் தடுக்கிறது. 1992இல் சரணாலயமாக்கப்பட்ட கற்பிட்டிப் பவளப்பாறைத் திட்டுக்கு அது செய்யும் கேட்டையும், குஞ்சு குறுமானெல்லாம் செத்து, செத்ததில் பெரும்பகுதி அள்ளப்படாமலே அடியில் தாழ்ந்துபோவதையும் பலர் எழுதிவிட்டார்கள். நாம் கேட்க விரும்புவது வேறு. கடலுக்குப் போகுமுன் அந்தக் குச்சிகள் எங்கே இருக்கின்றன?

களஞ்சியத்துக்கு உரிய விதியை எடுத்து அந்த வாடியின் மீது வைத்துப் பாருங்கள். ஆட்கள் குறைவாக இருக்கவேண்டும். இங்கே குடும்பம் முழுவதும் அதன் பக்கத்தில் உறங்குகிறது. நேரம் குறைவாக இருக்கவேண்டும். சோளகம் ஓயும்வரை மாதக்கணக்கில் கிடக்கிறது. டெட்டனேற்றர் வேறு அறையில் இருக்கவேண்டும். வேறு அறையே இல்லை, இரண்டும் ஒரே சாக்கில். எரியும் பொருள் அருகில் வரலாகாது. மேலே கிடுகு, பக்கத்தில் எஞ்சினுக்கு வாங்கிய மண்ணெண்ணெய், நாலடி தள்ளி அடுப்பு. எங்கிருந்து வந்தது, எத்தனை வருடம் பழையது என்று எழுதி வைத்தவர் எவருமில்லை. சாலாவவில் மீறப்பட்டவை சில விதிகளாயிருக்கலாம். இங்கே மீறப்படாதது ஒன்றுமில்லை. கடலில் கை இழந்தவர்களைக் கரையோரப் பங்குகளில் குருக்கள் அறிவர். அவர்களாவது தாங்கள் எதைத் தொட்டோம் என்று அறிந்து தொட்டவர்கள். சாக்கைத் தலையணையாக்கிய பிள்ளை எதை அறியும்?

பிடிபடுவோம் என்ற பயம்தான் அதை வீட்டுக்குள் வைக்கச் செய்கிறது. விட்டுவிட விரும்புகிறவரும் விடமுடியாமல் தவிப்பது இதனாலேயே. பொலிசில் கொண்டுபோய்க் கொடுத்தால் வழக்கு. களப்பில் எறிந்தால் அலை எடுத்து வந்து இன்னொருவரின் வலையில் போடும். புதைத்தால் பத்து வருடத்தில் யாரோ ஒருவர் வேலிக்குக் கம்பு நாட்டுவார். வெயர்த்து எண்ணெய் கசியும் பழைய குச்சியையோ, கரையில் ஒதுங்கிய துருப்பிடித்த இரும்பையோ எவரும் தூக்கிப் பார்க்கலாகாது. இருந்த இடத்திலேயே விட்டு, பிள்ளைகளை விலக்கி, 119க்கு அறிவிக்கவேண்டும். இராணுவத்தில் அதற்கென்றே பயின்றவர்கள் வருவார்கள். ஆனால் அறிவிப்பவரிடம் முதற் கேள்வியாக ‘உனக்கு இது எங்கே கிடைத்தது?’ என்று அதட்டினால், அடுத்தவர் அறிவிக்கமாட்டார். தாமாக ஒப்படைப்பவருக்கு வழக்கில்லை என்று ஒரு குறித்த காலத்துக்கு அதிகாரிகள் வாக்களித்து, அந்த அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கோவில், பள்ளிவாசல், ஆலயம், விகாரை எல்லாவற்றின் வாசலிலும் ஒட்டச் சொல்லலாம். நம் பங்குகளில் ஒட்டுவதற்கு இடம் இருக்கிறது.